விகடம் எழுதப் புகுந்த கதை

ஆயர் ஈத்தாம் நாற்சந்தியில், பத்து பஹாட்டுக்குச் செல்லும் பாதையும் குளுவாங்குக்குச் செல்லும் பாதையும் பெருஞ்சாலையைக் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று அப்பால், 1960ஆம் ஆண்டு வாக்கில் தமிழர் ஒருவரின் மளிகைக் கடை இருந்தது. சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளில், நம் அன்னையாருடன் தோட்டத்திலிருந்து அக்கடைக்குச் சாமான் வாங்கச் செல்வது வழக்கம். மிளகாய், சீரகம், கடுகு முதலியவற்றைக் கடைக்காரர் தமிழகத்துப் பழைய வாரப் பத்திரிகைத் தாள்களில் பொட்டலம் கட்டித் தருவார். வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய் விதைகளை உதறிவிட்டு, அத்தாளை எழுத்துக்கூட்டிப் படிப்போம். அவற்றுள் விகடத் துணுக்குகளே நமக்குப் பெரிதும் உவப்பாயிருந்தன. ஆனால் கடைக்காரரின் கைக்கு விகடம் எது, விளம்பரம் எது என்ற பேதம் கிடையாது. தாளைக் கிழிக்க வேண்டிய இடத்தில் கிழித்துவிடுவார். "டாக்டர், எனக்கு இரவெல்லாம் தூக்கமே வருவதில்லை" என்று நோயாளி முறையிடுவான். டாக்டர் சொன்ன மறுமொழி இன்னொருவர் வீட்டுக்குக் கொத்தமல்லியோடு போயிருக்கும்.

ஆகவே எஞ்சிய பாதியை நாமே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. நாம் விகடம் எழுதக் கற்றுக்கொள்ளத் தொடங்கியது இவ்வண்ணமே. ஒரு தாளுக்கு மூன்று நான்கு முடிவுகள் கட்டி, மறுநாள் பள்ளிக்கூடம் செல்லும் வழியில் தோழர்களிடம் சொல்லிப் பார்ப்போம். எதற்குச் சிரிக்கிறார்களோ அதை வைத்துக்கொள்வோம். சிரிக்காததை அடுத்த நாள் வேறு தோழர்களிடம் சொல்லிப் பார்ப்போம். பல ஆண்டுகள் கழித்து, அத்துணுக்குகளுள் சிலவற்றின் உண்மையான முடிவுகளைத் தொகுப்பு நூலொன்றில் காண நேர்ந்தது. பெரும்பாலும் அச்சில் இருந்தவையே மேலானவை. ஒன்றே ஒன்றில் மாத்திரம் நம்முடையது மேல் என்று இன்றும் எண்ணுகிறோம். அது எது என்று சொன்னால் வாசகர்கள் ஒப்பமாட்டார்களாதலால் சொல்லாது விடுகிறோம்.

நாமாகவே முழுமையாக எழுதிய முதல் துணுக்கு நம் ஊர்ப் பெயரைப் பற்றியது. மலாய் மொழியில் 'ஆயர்' என்றால் தண்ணீர். 'ஈத்தாம்' என்றால் கறுப்பு. கருந்தண்ணீர் என்பதே ஊரின் பெயர். தமிழிலோ ஆயர் என்பார் ஆநிரை மேய்ப்பவர். 'ஆயர் ஈத்தாம் என்கிறீர்களே, ஆயர் எதை ஈந்தார்? பாலில் கலந்த தண்ணீரை ஈந்தார்!' என்று எழுதினோம். காளமேகப் புலவருக்குப் பின் சிலேடையில் கைவைத்தவர் நாமே என்ற நினைப்பு அப்போது இருந்தது. (நாம் நாம் என்று பன்மையில் எழுதுகிறோமேயன்றி, அவ்வயதில் நமக்கு ஓர் ஆளுக்குரிய எடைகூட இருக்கவில்லை.) அதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினோம். முகவரியில் ஆயர் ஈத்தாம் என்று எழுதினோமே தவிர, ஜொகூர் என்று எழுத மறந்தோம். பினாங்குத் தீவிலும் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு என்பது அப்போது நமக்குத் தெரியாது. ஆசிரியர் எழுதிய பதில் கார்டு அங்கே போய், சில வாரம் தங்கி, பினாங்கு முத்திரையோடு நம்மிடம் வந்து சேர்ந்தது. 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்பதே அதிலிருந்த வாசகம். அக்கார்டு செய்த பிரயாணம் நம் துணுக்கைக் காட்டிலும் நூறு மடங்கு நகைப்புக்குரியது என்பது நமக்குத் தோன்றவேயில்லை. ஆரம்ப எழுத்தாளனுக்கு இயல்பாயுள்ள குருட்டுத்தன்மை இது. சிரிப்பு வீட்டு வாசலில் வந்து நிற்க, அவன் அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பான்.

துணுக்கு ஏன் எடுபடவில்லை என்று நம் பள்ளித் தமிழாசிரியரைக் கேட்டோம். அவர் மறுமொழி கூறாமல், "இதை லயத்துக் கடைசி வீட்டு ஆயாவிடம் போய்ச் சொல்லிப் பார்" என்றார். அவ்வாறே போய்ச் சொன்னோம். ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டு வினவியதாவது: "ஆயருன்னா ஆரு தம்பி?" இடையர் என்று விளக்கினோம். "எடையன்னு சொன்னாத்தானே தெரியும்? ஆமா, பாலு வெலை ஏறிப்போச்சா?" நமது முதல் விகடம் பால் விலை பற்றிய விசாரணையோடு முடிவுற்றது. விளக்கவுரை கேட்கும் விகடம் விகடமாகாது என்று அன்றே உணர்ந்திருக்க வேண்டும். நாமோ ஆயாவுக்குத் தமிழ் போதாது என்று முடிவு கட்டினோம்.

அவ்வாசிரியரைப் பற்றிச் சில வார்த்தை கூறவேண்டும். 1950, 51ஆம் ஆண்டுகளில் 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் புதிதாக எழுதப் புகுவோருக்கென்று 'கதை வகுப்பு' ஒன்று நடத்தினர். மலாயாவில் சிறுகதை வளர்ந்த வரலாற்றை எழுதுவோர் அதைக் குறிப்பிடாமல் மேலே செல்வதில்லை. நம் ஆசிரியர் அவ்வகுப்பின் நறுக்குகளை ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்தார். கதைக்கு வகுப்பு உண்டு, விகடத்துக்கு இல்லையே என்று நாம் குறைப்பட்டபோது, "இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னேயே நடத்திவிட்டார்கள், நீதான் வகுப்புக்கு வரவில்லை" என்று சொல்லித் தொல்காப்பியத்தை எடுத்தார்.

மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் முதற்கண் வைக்கப்பட்டது நகையே. அது தோன்றும் களம் நான்கு என்பது தொல்காப்பியர் துணிபு: பிறரை இகழ்வதாகிய எள்ளல், மழலைப் பருவத்துக்குரிய இளமை, அறியாமையாகிய பேதைமை, பிறர் சொன்னதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தலாகிய மடன். பேராசிரியர் என்னும் பழைய உரைகாரர் ஒரு நுட்பம் காட்டுகிறார். எள்ளல் என்பது நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது மட்டுமன்று; பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பதும் அதுவேயாம். இந்த இரண்டாம் பகுதியை ஆசிரியர் இருமுறை படித்துக் காட்டினார். நாம் தலையாட்டினோம். பதினெட்டு வயதில் தலையாட்டுவது எளிதாயிருந்தது.

மடன் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டியது வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை. இத்தாலி நாட்டினின்றும் வந்த பாதிரியார் 18ஆம் நூற்றாண்டில் தமிழில் எழுதிய அக்கதையை, 1822ஆம் ஆண்டில் பாபிங்டன் என்பார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார். பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று வாங்கிய பகுதியைச் சிறுவரும் அறிவர். அதனினும் சிறந்த பகுதி ஒன்றுண்டு. குருவின் தலைப்பாகை வழியில் விழ, சீடர்கள் எடுக்காமல் வருகிறார்கள். விழுந்ததை எடுக்கும்படி உத்தரவில்லையாம். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கடிந்துகொள்ள, குதிரை போட்ட சாணத்தையும் ஏந்தி வருகிறார்கள். இன்னின்னவற்றை எடுக்கலாம் என்று ஓலையில் பட்டியல் எழுதித் தருகிறார் குரு. பிறகு குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்துப் பார்க்கிறார்கள். பட்டியலில் வேட்டி இருக்கிறது, தலைப்பாகை இருக்கிறது, குரு இல்லை! வேட்டியை எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிடுகிறார்கள். பள்ளத்தில் கிடந்தபடியே தம் பெயரையும் ஓலையில் எழுதிச் சேர்த்த பின்னரே அவர் தூக்கப்படுகிறார்.

இதில் ஒரு சொல்லும் விகடச் சொல் அன்று, சிலேடையில்லை, கோணல் முகமில்லை. ஒருவன் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்து போகிறான்; உலகம் வளைகிறது, அவன் வளைய மாட்டேன் என்கிறான். பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யில் எசமானும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி. சொன்னதைச் சொன்னபடியே செய்து வேலைக்காரன் எசமானைத் திணற அடிப்பான். 1941ஆம் ஆண்டில் அது படமாக வந்தபோது காளி என். ரத்தினம் அவ்வேடத்தில் நடித்தார். தோட்டங்களில் பெரட்டுக்களத்தில் நின்று மண்டோரின் உத்தரவைக் கேட்டவர்களுக்கு இந்த விகடத்தின் உட்பொருளைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

நிற்க. இவ்வளவும் படித்த பின்னர் நாம் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

கோ. சாரங்கபாணியார் 1952ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த தமிழர் திருநாள், சில ஆண்டுகளுக்குள் தோட்டம் தோறும் பரவிற்று. நம் தோட்டத்திலும் தைத்திங்களில் அது நடைபெறும். எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பலகை பரப்பி மேடை கட்டுவார்கள். 1965ஆம் ஆண்டு விழாவுக்கு, பெரிய நாடகத்தின் நடுவே கால் மணி நேரம் நடிக்கத்தக்க விகடக் காட்சியொன்று எழுதித் தரும்படி விழாக் குழுவினர் நம்மைக் கேட்டனர். மதுவிலக்கைப் பற்றி எழுதுவதென்று தீர்மானித்தோம். கள் நம் மக்களைக் கெடுத்த கேடு சிறிதன்று; தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியை மாலையில் திரும்ப வாங்கிக்கொண்ட காலம் அது. கண்டிக்க வேண்டிய விஷயந்தான். ஆனால் நாம் கள்ளுக்கடையைப் பற்றி எழுதவில்லை. கள் குடித்த ஒரு மனிதரைப் பற்றி எழுதினோம்.

அவர் நம் லயத்திலேயே வசித்தவர். மனைவியை இழந்தவர், பதினொரு வயதில் ஒரு மகள். மாலையில் குடித்துவிட்டுத் திரும்புகையில் வழியிலுள்ள ரப்பர் மரங்களோடு பேசிக்கொண்டு வருவார். ஒவ்வொரு மரத்தையும் தட்டிக்கொடுத்து, "நாளைக்கு ஒனக்கும் வேலை, எனக்கும் வேலை, போய்ப் படு" என்பார். அவருடைய நடை, தோளில் துண்டு கிடக்கும் கோலம், இந்த வாசகம் ஆகிய மூன்றையும் அப்படியே எடுத்துக் காட்சியில் வைத்தோம். பாத்திரத்துக்குத் 'தள்ளாடி' என்று பெயர். நடித்த தோழர் அதே நிறத்தில் ஒரு துண்டு தேடிப் பிடித்து வந்தார்.

அன்றிரவு எழுந்த சிரிப்பைப் போன்ற ஒன்றை அதன் பின்னர் நாம் ஒருபோதும் பெற்றதில்லை. முதல் அடி எடுத்து வைத்ததுமே ஆர்ப்பரித்தார்கள். மரத்தைத் தட்டியபோது பின்வரிசையினர் எழுந்து நின்றார்கள். திரைக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, ஆகாயத்தில் மிதந்தோம். காட்சியின் முடிவில் மதுவிலக்குப் பிரசங்கம் ஒன்று ஐந்து நிமிஷத்துக்கு எழுதி வைத்திருந்தோம். அதை ஒருவரும் கேட்கவில்லை. தள்ளாடியின் நடையை ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்ததாகச் சொன்னார்கள்; நாம் பார்க்கவில்லை. நாம் பார்த்தது அவருடைய மகளை. அச்சிறுமி எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய், பால் கொட்டகையின் சுவரோரம் இருட்டில் நின்றாள். மேடை விளக்கின் வெளிச்சம் அவள் பாவாடை நுனியில் மாத்திரம் விழுந்தது. விழா முடியும் வரையில் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், அவர் பெயர் கூப்பிடப்பட்டபோது, யாரோ ஒருவன் பின்னாலிருந்து "தள்ளாடி!" என்று குரல் கொடுத்தான். அதுமுதல் அவருக்கு அதுவே பெயராயிற்று. பள்ளிக்கூடத்தில் அச்சிறுமி 'தள்ளாடி மகள்' ஆனாள். நாம் எழுதியவற்றுள் மக்கள் நாவில் நிலைத்து நின்ற ஒரே சொல் அதுதான். கள்ளுக்கடை வழக்கம்போல் மாலை நாலரை மணிக்குத் திறக்கப்பட்டது; அதன்மேல் நம் விகடத்தின் ஒரு துளியும் தெறிக்கவில்லை.

ஆசிரியர் நம்மைக் கண்டிக்கவில்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1949ஆம் ஆண்டில் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அது இடம் பெற்றது. படத்துக்குக் கதை எழுதியவர் அறிஞர் அண்ணாதுரை. நந்தனார் சரித்திரத்தை நகல் செய்தது போன்ற அமைப்பு. நந்தன் கோயிலுக்குப் போக ஏங்கினான். கிந்தனோ பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்குகிறான். படிப்பு மறுக்கப்பட்ட அப்பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அவனை வெளியே நிறுத்தியவர்களைப் பார்த்தே சிரிக்கிறார்கள். "சிரிப்பு எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்த்தாயா?" என்று மாத்திரம் கேட்டார். அக்கேள்வி தோட்டத்து வாய்க்கால் வெட்டுகிறவன் கேட்பது போலிருந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வசனம் தயாரித்து வைத்திருந்தோம். அதிலும் இரண்டு அடுக்குமொழி இருந்தது. வாசலில் நின்றபோது அது மறந்துபோயிற்று. அவர் குடித்திருக்கவில்லை. "உள்ள வா தம்பி" என்று அழைத்து, மகளிடம் வரக்காப்பி கொண்டுவரச் சொன்னார். அவள் கொண்டுவந்து வைத்துவிட்டு நம் முகத்தைப் பாராமல் உள்ளே போய்விட்டாள். நாம் தடுமாறி ஏதோ சொல்லத் தொடங்குமுன் அவர் குறுக்கிட்டு, "மரத்தைத் தட்டினப்ப கொஞ்சம் நின்னுருக்கணும் தம்பி. அது பதில் சொல்லுதான்னு கேக்கணும். அவன் மளமளன்னு போயிட்டான்" என்றார்.

நமக்கு வாயடைத்துப் போயிற்று. நம் காட்சியில் இருந்த ஒரே நல்ல விகடம் அவருடையது. அதை அவர் எப்படிச் செய்ய வேண்டுமென்றும் அறிந்திருந்தார். மரத்தினிடம் உத்தரவு போடும் அம்மனிதரின் சொல்லில் எவ்வளவு அலுப்பும் எவ்வளவு அன்பும் கிடந்தன என்பதை, அதைத் திருடி மேடையேற்றிய நாம் உணரவேயில்லை.

அன்று அவர் தம் இளமைக் காலத்துச் சம்பவம் ஒன்றைச் சொன்னார். யுத்தத்துக்கு முன், வேறொரு தோட்டத்தில் அவருக்கு இருபது வயது. சைக்கிளில் செல்லும் தொழிலாளி எதிரே துரையைக் கண்டால் உடனே இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். கிராணியைக் கண்டாலும் அப்படியே. 1941ஆம் ஆண்டில் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் அடங்கியிருந்தன. கூலி உயர்வுக்குச் சமமாகச் சைக்கிளையும் ஒரு கோரிக்கையாக எழுதினார்களென்றால், அந்த இறக்கம் எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்! நமது மனிதர் சேமித்த காசில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, இரண்டு நாளில் ஓட்டப் பழகிவிட்டார். இறங்குவதற்கு இன்னும் பழகவில்லை. மூன்றாம் நாள் துரை எதிரே வந்துவிட்டார்.

"எறங்கணும்; எறங்கத் தெரியாது. நிறுத்தினா விழுந்துருவேன். துரையைச் சுத்திச் சுத்தி வர்றேன் தம்பி, தலையைக் குனிஞ்சு சலாம் போட்டுக்கிட்டே. அவரு திரும்புறாரு, நானும் திரும்புறேன்."

அவர் சொல்லச் சொல்ல நாம் சிரித்தோம். உள்ளே அடுப்பங்கரையிலிருந்தும் ஒரு சிரிப்பொலி கேட்டு, உடனே அடங்கிற்று. நாம் கேட்ட சிரிப்புகளுள் இன்றும் எண்ணி மகிழ்வது அதுவே. சம்பவம் எப்படி முடிந்தது என்பதையும் அவர் சொன்னார். அதைப் பின்னர்க் கூறுவோம்.

அடுத்த ஆண்டு விழாவில் அதுவே நம் காட்சி. எழுதும்போது கற்ற சில சங்கதிகளை, விகடம் எழுதும் ஆசையுள்ள இளைஞர்களுக்காக இங்கே சொல்லிவைக்கிறோம். முதலாவது, தமிழ் வாக்கியத்தின் வால். நம் மொழியில் வினைச்சொல் இறுதியில் வருவது விகடக்காரனுக்குப் பெரும் உபகாரம். கடைசிச் சொல் வரையில் கேட்பவன் காத்திருக்கிறான். 'எங்கள் வாத்தியாருக்குக் கோபம் வந்தால் பிரம்பைத் தேடுவார். அது இருக்கும் இடத்தை நாங்கள்தான் சொல்ல வேண்டும்' என்றால் சிரிக்கிறார்கள். 'பிரம்பு இருக்கும் இடத்தை நாங்கள் சொல்ல, அதை எடுத்துக்கொள்வார் எங்கள் வாத்தியார், கோபம் வந்தபோது' என்றால் யாரும் சிரிப்பதில்லை. ஆனால் அதே வாலில் ஒரு தேளும் உண்டு. நாம் எழுதும் உரையாடலில் 'என்று அவன் சொன்னான்' என்பது பின்னால் வந்து, வெடித்த வேட்டின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடும். ஆகையால் பேசுபவன் யாரென்பதை முன்னரே சொல்லிவிட்டு, பேச்சோடு வாக்கியத்தை முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று, மேடையில் சிரிப்பெழுந்தால் அடுத்த வசனம் அதில் மூழ்கிப் போகும். முதலாண்டு பாதி வசனங்கள் அப்படி வீணாயின. இரண்டாம் ஆண்டு, சிரிப்பு எழுமிடம் என்று நினைத்த இடங்களிலெல்லாம் நடிகர் மனத்துக்குள் மூன்று எண்ண வேண்டுமென்று கையெழுத்துப் பிரதியில் சிவப்பு மையால் குறித்தோம். சில இடங்களில் ஒருவரும் சிரிக்காமல், நடிகர் மூன்று எண்ணிக்கொண்டு சும்மா நின்றார். அதைக் கண்டு சிரித்தார்கள்.

சார்லி சாப்ளின் 1925ஆம் ஆண்டில் எடுத்த 'தங்க வேட்டை'ப் படத்தில், பசி பொறுக்காமல் தம் பாதரட்சையை வேகவைத்து, விருந்து உண்பவரைப் போல் நாசூக்காக உண்பார். அதை நாம் பிற்காலத்தில்தான் பார்த்தோம். அப்போது நினைவுக்கு வந்தது நம் சைக்கிள் மனிதரின் சலாம். மலாய்ப் படங்களை மட்டும் அக்காலத்திலேயே தவறாமல் பார்த்துவந்தோம். பி. ராம்லியின் 'பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்' 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. வயது வந்த ஆண்கள் பள்ளி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் காட்சி அதிலே வரும். நம் தோட்டத்தில் எழுத்தறியாத பெரியவர்கள் பலர் அதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்களுக்கு அது சுடவில்லை. ஏனெனில் அம்மூவரும் படம் முழுதும் அவர்களோடு ஒன்றாகப் பட்டினி கிடந்தவர்கள்.

சைக்கிள் காட்சிக்கு முதலாண்டைப் போல் ஆரவாரம் எழவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. இளைஞர்கள் மிதமாகவே சிரித்தனர். சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய காலத்தை அவர்கள் அறியார். முன்வரிசையிலிருந்த கிழவர்களோ, துரை வேடம் தரித்தவர் திரும்பிய ஒவ்வொரு முறையும், கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து, "எறங்காதடா, சுத்து!" என்று கூவினார். நம் மனிதர் அன்று விழாவுக்கு வரவில்லை. மகளும் வரவில்லை. அவரை இறக்கும் மட்டும் தள்ளாடி என்றே அழைத்தார்கள். அவருடைய ஈமச் சடங்குக்கு வந்த வெளியூர் உறவினர் ஒருவர், அதுதான் அவருடைய இயற்பெயர் என்று எண்ணிக்கொண்டு, அப்படியே சொல்லிப் புலம்பினார். அருகில் நின்ற நாம் திருத்தவும் துணியவில்லை.

பின்னர்த் தோட்டம் செம்பனைக்கு மாறிற்று. லயங்கள் காலியாயின. 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பின், கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய வாகனங்கள் பல நாற்சந்திக்குள் நுழையாமலே சென்றன. பூந்தொட்டிகளும் மட்பாண்டங்களும் அடுக்கி வைத்த கடைகளுக்கு ஊர் இன்றும் பெயர் பெற்றிருக்கிறது. மிளகாய் இப்போது பிளாஸ்டிக் உறையில் வருகிறது. படிப்பதற்கு அதில் காலாவதித் தேதியன்றி வேறொன்றும் இல்லை.

சென்ற ஆண்டு, பட்டணத்து இளைஞன் ஒருவன், நமக்குப் பேரன் முறையாகிறவன், கைப்பேசியில் வெளியிடுவதற்கென்று தான் எழுதிய விகடக் காட்சியைக் கொண்டுவந்து படித்துக் காட்டினான். உணவுக் கடையில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவன் மலாயும் தமிழும் கலந்து தப்பும் தவறுமாகப் பேசுவதே காட்சி. நன்றாகத்தான் எழுதியிருந்தான். வாக்கியத்தின் வால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நமக்கும் இரண்டு இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தொழிலாளியை நிஜமாகவே பார்த்து எழுதினாயா என்று கேட்டோம். "நம்ம கடைத்தெருவுல இருக்கிற ஆளுதான் தாத்தா. அவன் பாத்தாலும் சிரிப்பான்" என்றான்.

நாம் அவனுக்கு யாதொரு புத்திமதியும் சொல்லவில்லை. தள்ளாடியின் கதையைச் சொன்னோம். பால் கொட்டகைச் சுவரைச் சொன்னோம். பிறகு சைக்கிளைச் சொன்னோம். பையன் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். துரையைச் சுற்றிச் சுற்றி வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தான்.

"கடைசியில எப்படி எறங்கினாரு?"

மேடையில், தலைசுற்றிப்போன துரை, தாமே வந்து சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, தொழிலாளி சாவகாசமாக இறங்கி, சைக்கிளை அவர் கையிலேயே விட்டுவிட்டு, மறுபடியும் ஒரு சலாம் போடுவதாக முடித்திருந்தோம். கைதட்டல் கிடைத்த இடம் அதுதான். பையனுக்கும் அது பிடித்திருந்தது.

"நெசமாவே அப்படித்தான் நடந்துச்சா?"

இல்லை என்றோம். நிஜத்தில், நாலாவது சுற்றில் சைக்கிள் கானுக்குள் இறங்கிற்று, முன்சக்கரம் வளைந்தது. துரை ஒன்றும் பேசாமல் தம் வழியே போய்விட்டார். மாலையில் கிராணி அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். சைக்கிளிலிருந்து இறங்காத குற்றத்துக்கா, விழுந்து வேலை கெட்ட குற்றத்துக்கா என்று இவர் விசாரித்ததற்கு, "ரெண்டுக்கும் சேத்துத்தான், தனித்தனியாப் பிடிச்சா முழு நாள் ஆயிருக்கும்" என்று பதில் வந்ததாம்.

பையன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "தாத்தா, அதையே வெச்சிருக்கலாமே" என்றான்.